எதிரி நாடு ஏவுகணை சோதனை நடத்தினால் ஓர் அரசு என்ன செய்ய வேண்டும்?

"அவன் ஒன்று விட்டால் நாம் இரண்டு விட வேண்டும்." பகை நாடு ஏவுகணையோ அணுகுண்டோ சோதித்தால் அரசு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், பலருக்கும் உடனே வாயில் வருவது இதுதான். கோபம் வருவது நியாயம். தலைக்கு மேல் ஒருவன் ஆயுதத்தைச் சுழற்றினால் யாருக்குத்தான் வராது? ஆனாலும் என் பதில் வேறு. சோதனை நடந்த அன்றைக்கு அரசு செய்ய வேண்டியவை இரண்டே வேலைகள்: என்ன நடந்தது என்று சரியாக அளந்து பார்ப்பது, தன் மக்களுக்கு உண்மையைச் சொல்வது. எதிரிக்கான பதிலை அன்றைக்கே கொடுத்தாக வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. சோதனைக்கு நாள் குறித்தவன் அவன், நம் பதிலுக்கும் அவனே நாள் குறிக்க ஏன் விட வேண்டும்?

2022 அக்டோபர் 4 காலையில் வடகொரியா விட்ட ஏவுகணை ஒன்று ஜப்பானைத் தாண்டி, சுமார் 4,500 கிலோமீட்டர் பறந்து பசிபிக் கடலில் விழுந்தது. அன்றிரவே தென்கொரிய ராணுவமும் அமெரிக்கப் படையும் சேர்ந்து தங்கள் பலத்தைக் காட்ட ஏவுகணைப் பயிற்சியில் இறங்கின. கிழக்குக் கரையில் காங்நுங் நகரத்தை ஒட்டிய விமானத் தளத்திலிருந்து கிளம்பிய தென்கொரியாவின் ஹியூன்மூ ஏவுகணை, கடல் பக்கம் போகாமல் திசைமாறி அந்தத் தளத்துக்குள்ளேயே விழுந்து தீப்பிடித்தது. நடு ராத்திரியில் வானம் ஆரஞ்சு நிறமாக எரிவதைப் பார்த்த மக்கள், போரே வந்துவிட்டதோ என்று பதறித் தீயணைப்புத் துறைக்குப் போன் மேல் போன் போட்டார்கள், வீடியோக்கள் பரவின, ஆனால் விடியும்வரை ராணுவத்திடமிருந்து ஒரு விளக்கமும் வரவில்லை. நல்லவேளையாக வெடிமுனை வெடிக்கவில்லை, யாருக்கும் காயமில்லை. எதிரியைப் பயமுறுத்தக் கிளம்பிய ஏவுகணை கடைசியில் பயமுறுத்தியது சொந்த ஊர்க்காரர்களை. ஏவுகணை பழுதானதை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன், எந்த இயந்திரமும் பழுதாகும். அந்த ராத்திரி முழுக்க மக்களிடம் வாய் திறக்காததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

2017 ஆகஸ்ட் 29 அன்று ஜப்பானில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். காலை 5:58க்கு வடகொரிய ஏவுகணை கிளம்பியது. 6:02க்கு வடகோடித் தீவான ஹொக்கைடோவிலும் வடக்கு ஜப்பானின் பல மாவட்டங்களிலும் செல்போன்கள் அலறின, ஒலிபெருக்கிகள் முழங்கின: உறுதியான கட்டிடத்துக்கோ நிலத்தடிக்கோ போங்கள். ஏவுகணை கடந்துபோனதும் அதையும் சொன்னார்கள். சுட்டு வீழ்த்தவும் முயலவில்லை, ஏனென்றால் அது தங்கள் மண்ணில் விழப்போவதில்லை என்று கணித்துவிட்டார்கள். அந்த அதிகாலையில் நாலு நிமிஷத்தில் எந்த நிலத்தடிக்கு ஓடுவது என்று அங்கேயே மக்கள் கேட்டார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். அந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டியதும் அரசுதான். ஆனால் தலைக்கு மேல் போவது என்ன என்று மக்களுக்குத் தெரிந்திருந்தது.

அவசரத்தின் விலை என்ன என்பதற்கு அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் போதும். 2018 ஜனவரி 13 காலை 8:07 மணிக்கு, ஏவுகணை வருகிறது, இது பயிற்சி அல்ல என்று தவறான எச்சரிக்கை போன்களுக்குப் போய், அது தவறு என்ற மறு செய்தி வர 38 நிமிடம் ஆனது. அந்த 38 நிமிடத்தில் குழந்தைகளைக் குளியலறையில் பதுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெற்றோர்களை நினைத்துப் பாருங்கள். எச்சரிக்கை அனுப்பும் பொத்தான் எவ்வளவு முக்கியமோ, அதைத் திரும்பப் பெறும் பொத்தானும் அவ்வளவு முக்கியம்.

சரி, அளந்து பார்ப்பது என்றேனே, அதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1949. ஆகஸ்ட் 29 அன்று சோவியத் யூனியன் தன் முதல் அணுகுண்டை ரகசியமாகச் சோதித்தது. செப்டம்பர் 3 அன்று ஜப்பானிலிருந்து அலாஸ்கா நோக்கிப் பறந்த அமெரிக்க விமானம் ஒன்றின் வடிகட்டித் தாளில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தது. அதை விஞ்ஞானிகள் பரிசோதித்து, திரும்பவும் சரிபார்த்து, உறுதியான பிறகு, செப்டம்பர் 23 அன்றுதான் அதிபர் ட்ரூமன் சுருக்கமான ஓர் அறிக்கையில் மக்களிடம் சொன்னார். கிட்டத்தட்ட மூன்று வாரம். (நாலு மாதம் கழித்து ஹைட்ரஜன் குண்டுக்கு அவர் பச்சைக்கொடி காட்டியதை நான் ஆதரிக்கவில்லை, அது வேறு கதை.) இன்றைக்கு இவ்வளவு காத்திருக்கவே வேண்டாம், உலகம் முழுக்க நிலநடுக்கத்தை அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன, 2017 செப்டம்பரில் வடகொரியா பூமிக்கடியில் வெடித்த அணுகுண்டை அவை ரிக்டர் அளவில் 6க்கு மேல் என்று உடனே காட்டிவிட்டன.

நிதானமான பதில் என்றால் சும்மா இருப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1998ல் வடகொரியாவின் தேபோதோங் ஏவுகணை தலைக்கு மேல் பறந்தபோது ஜப்பான் பதிலுக்கு ஒன்றை ஏவவில்லை. சொந்தமாக உளவுச் செயற்கைக்கோள் வேண்டும் என்று முடிவெடுத்து, 2003ல் அவற்றை விண்ணுக்கு அனுப்பியது. ஐந்து வருடம் கழித்து வந்த அந்தப் பதிலில் சத்தமே இல்லை. அடுத்த முறை என்ன நடக்கிறது என்று தன் கண்ணாலேயே பார்க்கலாம். எனக்கு இப்படிப்பட்ட பதில்தான் பிடிக்கும்.

சோதனைக்குச் சோதனை என்ற வழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1998 மே மாதம் காட்டியது. இந்தியா 11, 13 தேதிகளில் வெடித்தது, பாகிஸ்தான் 28, 30 தேதிகளில் வெடித்தது, அடுத்த வருடமே கார்கிலில் இரண்டு நாட்டு வீரர்களும் செத்துக்கொண்டிருந்தார்கள். அணுகுண்டு வந்துவிட்டால் போர் வராது என்று பேசியவர்கள் அதற்கு என்ன பதில் சொன்னார்கள் என்று தேடிப் பாருங்கள்.

ஆனால் அதே இரண்டு நாடுகள் செய்த இன்னொரு காரியம் இருக்கிறது, அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. கார்கிலுக்குச் சில மாதம் முன்பு, 1999 பிப்ரவரியில் லாகூரில், ஏவுகணை சோதனை நடத்தும் முன் ஒருவருக்கொருவர் சொல்லிவிடுவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். நடுவில் போர் வந்தது, நாடாளுமன்றத் தாக்குதல் வந்தது, படைகள் எல்லையில் மாதக்கணக்கில் நின்றன. இவ்வளவுக்கும் பிறகு 2005 அக்டோபரில் அது முழு ஒப்பந்தமாகவே கையெழுத்தானது: பாலிஸ்டிக் ஏவுகணை (உயரமாக மேலெழும்பி வளைந்து வந்து விழுவது) சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே தகவல் தர வேண்டும், ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது, விழும் இடம் 75 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. விமானம் போலத் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகள் இதில் சேரவில்லை, அது பெரிய ஓட்டை, அதை அடைத்தே ஆக வேண்டும்.

தகவல் கொடுத்தால் மட்டும் போதாது, போய்ச் சேர வேண்டியவரிடம் சேர வேண்டும். 1995 ஜனவரி 25 அன்று வடதுருவ ஒளியை ஆராய நார்வேயிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. நார்வே முன்கூட்டியே ரஷ்யாவுக்குச் சொல்லியிருந்தது, ஆனால் அந்தச் செய்தி ராடார் முன் உட்கார்ந்திருந்தவர்களுக்குப் போகவில்லை. அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடுவதற்கென்று அதிபர் யெல்ட்சினிடம் இருந்த பெட்டியைத் திறக்கும் அளவுக்குப் போனது விஷயம். ஒரு கடிதம் மேஜையிலேயே தங்கிவிட்டதால் வந்த நிலைமை இது.

பொருளாதாரத் தடைகளைப் பொறுத்தவரை, நான் அவற்றுக்கு எதிரி இல்லை, ஆனால் தனியாக ஒரு நாடு போட்டால் பெரிதாக எடுபடாது. 2006ல் வடகொரியாவின் முதல் அணு சோதனைக்கு ஐந்தே நாளில் ஐ.நா. பாதுகாப்பு சபை ஒருமனதாகத் தடை போட்டது, ஆனால் 2022 மே மாதம் புதிய தடைத் தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ அதிகாரத்தால் தடுத்துவிட்டன. ஆகவே கண்டன அறிக்கை எழுதும் நேரத்தை, தடையில் கூட நிற்க வேண்டிய நாடுகளிடம் போய்ப் பேசச் செலவழிக்கலாம். எதைச் செய்தால் தடை தளரும் என்று எதிரிக்கும் தெளிவாகச் சொல்ல வேண்டும். சாப்பாட்டிலும் மருந்திலும் கை வைக்கக் கூடாது, சோதனைக்கு உத்தரவிட்டவன் ஒருநாளும் பட்டினி கிடக்க மாட்டான்.

ஏவுகணை ஒருவேளை நம் மண்ணிலேயே விழுந்து ஆட்கள் செத்தால்? அதைச் சோதனை என்று அழைக்க முடியாது, தாக்குதலா விபத்தா என்பதுதான் அப்போது கேள்வி. அதை உறுதி செய்யும் ஒரே வழி, அந்தப் பக்கம் யாராவது போனை எடுப்பது. வட, தென் கொரியாக்களுக்கு நடுவே ஒரு நேரடித் தொலைபேசி இணைப்பு இருக்கிறது, தினமும் காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பேசிக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2023 ஏப்ரல் 7லிருந்து வடக்கு எடுக்கவில்லை. அதன் பிறகும் தென்கொரிய அதிகாரிகள் அழைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மானம் கெட்ட வேலை, நிறுத்துங்கள் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அந்த நாற்காலியில் இருந்தால் நாளைக் காலை 9 மணிக்கும் அழைப்பேன்.