மானிய லாண்ட்மாஸ்டருக்குத் தரகரிடம் முற்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: யாழ்ப்பாணம் நீர்வேலியில் எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டம் செய்கிறேன். அரசாங்க மானியத்தில் அரை விலைக்கு லாண்ட்மாஸ்டர் என்கிற இருசக்கர உழவு இயந்திரம் எடுத்துத் தருவதாக ஒருவர் 25,000 ரூபாய் முற்பணமும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்கிறார். காணி கனடாவில் உள்ள அண்ணனின் பெயரில் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அடையாள அட்டைப் பிரதியைக் கண்ணிலும் காட்டாதீர்கள். இயந்திர மானியம் வந்திருந்தால் உங்கள் கமநல சேவை நிலையத்துக்கும் விவசாயப் போதனாசிரியருக்கும் தெரியாமல் இருக்காது. அவர்களிடம் நேரே போய்க் கேளுங்கள்.

மானியப் படிவம் என்று நீட்டுவது பல நேரம் லீசிங் ஒப்பந்தம். வாகனப் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர் இருந்தால் அது கடன்தான். இரண்டு தவணை பிந்தினால் இயந்திரம் முற்றத்தில் நிற்காது. இன்னொரு கூத்தும் உண்டு. உங்கள் பெயரில் மானியத்தை எடுத்து, இயந்திரத்தை வாடகைக்கு உழுபவரிடம் விற்றுவிடுவார்கள். பிறகு அதிகாரி வந்து பார்க்கும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

காணி அண்ணன் பெயரில் இருப்பதால் மனம் தளர வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி விவசாயக் காணிப் பதிவேட்டில் பயிர் செய்பவரின் பெயரும் பதியப்பட வேண்டும். உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அண்ணனிடம், அவர் சார்பில் செயற்பட உங்களுக்கு அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவமோ, குறைந்தது அவர் சம்மதிக்கும் கடிதமோ எடுங்கள். கிராம சேவகரிடம் பயிர் செய்வதற்கான உறுதிப்படுத்தலும் வாங்குங்கள். அண்ணன் ஊருக்கு வரும் விடுமுறையில் இதை முடித்துவிடுவது நல்லது. பிறகு தொலைபேசியில் கெஞ்சி அலைய வேண்டாம். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ தோட்டங்கள் வெளிநாட்டில் இருப்பவர் பெயரில்தான் கிடக்கின்றன. அது தெரிந்தும் ஒவ்வொரு திட்டத்திலும் காணி உறுதியைக் கொண்டு வா என்று அதிகாரிகள் திருப்பி அனுப்புகிறார்கள். உர மானியத்தை விவசாயியின் வங்கிக் கணக்குக்கே போடத் தெரிந்த அரசாங்கத்துக்கு, இயந்திர மானியத்தையும் அப்படிப் போட ஏன் இத்தனை தயக்கம்? அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார்.

சரி, உங்களுக்கு இயந்திரம் வேண்டுமா? எட்டுப் பரப்பு என்பது அரை ஏக்கர். வாடகைக்குப் பிடித்து உழுவிப்பதே லாபம். வாங்குவதென்றால், அயலில் நாலு பேர் சேர்ந்து கமக்காரர் அமைப்பின் பெயரில் விண்ணப்பியுங்கள். செம்மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல் தட்டும். மண்ணைக் கிளறும் ரொட்டரிக் கத்தி அடிக்கடி தேயும், உடையும். அதனால் உதிரிப்பாகம் சுன்னாகத்திலோ யாழ்ப்பாண நகரிலோ உடனே கிடைக்கும் வகையை மட்டும் எடுங்கள்.