சீட்டை யார் கொடுக்கிறார்கள்? அமெரிக்கக் கட்சிகள் பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்க அரசியல் பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. இரண்டு கட்சிகளும் ஜென்ம விரோதிகள் மாதிரி நிற்கின்றனவே, கட்சிகள் தங்களைத் திருத்திக்கொண்டால் இது தணியாதா என்று. சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களுக்குத் தலைமை சீட் கொடுக்காமல் விட்டால் போதாதா? (மதுரை வாசகர்)

கொடுப்பதற்குச் சீட் தலைமையின் கையில் இல்லை, சார். நம்மூர்ப் பழக்கத்தில் கேட்கிறீர்கள். அங்கே வேட்பாளரைத் தீர்மானிப்பது பிரைமரி என்னும் முன்தேர்தல். அரசாங்கமே நடத்துகிறது, பல மாநிலங்களில் கட்சியில் சேராதவர்கள்கூட ஓட்டுப் போடலாம். ஆனால் வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களில் தீவிரமானவர்கள் அதிகம். பெரும்பாலான தொகுதிகள் ஏதோ ஒரு கட்சியின் கோட்டை என்பதால், பிரைமரியில் ஜெயித்தால் நவம்பர் தேர்தல் வெறும் சம்பிரதாயம். உறுப்பினர் எதிர்க்கட்சியைவிடத் தன் கட்சிக்காரனுக்குத்தான் அதிகம் பயப்படுகிறார்.

2014இல் எரிக் கான்டர் பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் இரண்டாம் நிலைத் தலைவர். அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். வர்ஜீனியாவில் அவருடைய சொந்தத் தொகுதி பிரைமரியில், அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு கல்லூரிப் பேராசிரியரிடம் தோற்றார். தலைவருக்கே கதி அதுதான் என்றால் மற்றவர்கள் எங்கே வாய் திறப்பார்கள்?

கேள்வி: இந்த முறை எப்போது, எதற்காக வந்தது? (யாழ்ப்பாணம்)

பிரைமரி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஜனாதிபதி வேட்பாளர் விஷயத்தில் அது பெரும்பாலும் ஒரு பலப்பரீட்சை மட்டுமே. முடிவு கட்சி மாநாட்டில், தலைவர்களின் அறைக்குள் நடக்கும். 1968 அதை உடைத்தது. வியட்நாம் போரை எதிர்த்த வேட்பாளர்கள் ஜனநாயகக் கட்சி பிரைமரிகளில் ஓட்டுகளை அள்ளினார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் கென்னடி ஜூன் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டில் ஜனநாயகக் கட்சி அப்போதைய துணை ஜனாதிபதி ஹ்யூபர்ட் ஹம்ஃப்ரியை வேட்பாளராக்கியது. அவர் ஒரு பிரைமரியில்கூடப் போட்டியிடவில்லை. வெளியே தெருவில் போலீஸ் தடியடி, உள்ளே கூச்சல்.

அந்த அவமானத்துக்குப் பிறகு கட்சி தன்னைத் திருத்திக்கொள்ள ஒரு குழு அமைத்தது. முதலில் ஜார்ஜ் மெக்கவர்ன், பிறகு டொனால்டு ஃப்ரேஸர் தலைமை. கதவைத் திறந்துவிடுங்கள், பெண்களும் இளைஞர்களும் கறுப்பின மக்களும் மாநாட்டுப் பிரதிநிதிகளாக வரட்டும் என்றார்கள். நியாயமான பேச்சுதான். புது விதிகளுக்கு ஈடுகொடுக்க மாநிலங்கள் சட்டத்தை மாற்றியபோது குடியரசுக் கட்சியும் கூடவே பிரைமரிக்குள் போனது. 1972இல் புது விதிகளின்படி வேட்பாளரானவர் அதே மெக்கவர்ன். ஐம்பது மாநிலங்களில் ஜெயித்தது மாசச்சூசெட்ஸ் ஒன்றுதான். அப்புறம் தலைநகரம் வாஷிங்டன்.

பயந்துபோன கட்சி, 1984 தேர்தலிலிருந்து தலைவர்களுக்கும் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் மாநாட்டில் தனி ஓட்டு கொடுத்தது. 'சூப்பர் டெலிகேட்' என்பது அதுதான். 2016இல் வேட்பாளராக முயன்ற பெர்னி சாண்டர்ஸின் ஆதரவாளர்கள் இதை எதிர்த்துக் கொதித்ததும், 2018இல் முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்டுகளுக்கு ஓட்டில்லை என்று மாற்றிவிட்டார்கள். கதவைத் திறப்பதும் பாதி மூடுவதும் மறுபடி திறப்பதுமாக ஐம்பது வருஷம் ஓடிவிட்டது.

கேள்வி: அந்தக் காலத்தில் இரு கட்சிக்காரர்களும் ஒற்றுமையாக இருந்தார்களாமே? (சிங்கப்பூர்)

இருந்தார்கள், அதற்கு ஒரு விலை இருந்தது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தை செனட்டில் எதிர்த்த 27 பேரில் 21 பேர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள், அநேகமாக எல்லோரும் தென்மாநிலத்தார். நிறவெறியைப் பேசாமல் ஒதுக்கிவைத்ததில்தான் பழைய நட்பு நின்றது. அது திரும்ப வேண்டும் என்று நான் ஏங்க மாட்டேன். இன்னொரு வேடிக்கை: 1950இல் அமெரிக்க அரசியல் அறிஞர்களின் சங்கம் வெளியிட்ட அறிக்கையின் குறை, இரு கட்சிகளுக்கும் இடையே வித்தியாசமே தெரியவில்லை என்பது.

கேள்வி: தோற்ற கட்சி தானாகத் திருந்தியதுண்டா? (கோவை)

உண்டு, ஒன்று பலித்தது, ஒன்று கவிழ்ந்தது. 1984இல் ரீகனிடம் மண்ணைக் கவ்விய பிறகு, ஜனநாயகக் கட்சியின் மிதவாதிகள் 1985இல் தனியாக ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் தலைவராக இருந்த கிளின்டன் 1992இல் ஜெயித்தார். 2012 தோல்விக்குப் பிறகு குடியரசுக் கட்சித் தலைமை தன்னையே பிரேதப் பரிசோதனை செய்து 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. குடியேற்றச் சட்டத்தைத் திருத்துவோம், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை அரவணைப்போம் என்றது. செனட்டில் 68 ஓட்டோடு மசோதாவும் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதைத் தொடவில்லை. மேலே சொன்ன கான்டர் தோல்வியில் பெரிதாகப் பேசப்பட்டதும் குடியேற்றம்தான். அதன் பின் அந்த அறிக்கையை யார் சீந்துவார்கள்? 2016இல் நேர் எதிரான பேச்சோடு வந்த டிரம்ப் வேட்பாளரானார்.

கேள்வி: எல்லோரையும் ஒரே பிரைமரியில் நிறுத்தினால்? (சென்னை)

கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் அப்படித்தான் செய்கின்றன. முதல் இரண்டு பேர் எந்தக் கட்சியானாலும் இறுதிக்குப் போவார்கள். 2021இல் டிரம்ப் மீதான பதவிநீக்கக் குற்றத் தீர்மானத்தை ஆதரித்த பத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் அடுத்த தேர்தலில் தப்பியவர்கள் இருவர். ஒருவர் கலிஃபோர்னியா, மற்றவர் வாஷிங்டன். ஆனால் அதே வாஷிங்டனில் இன்னொருவர் தோற்றார், ஆகவே மந்திரக்கோல் என்று நினைக்க வேண்டாம்.

அலாஸ்காவில் முதல் நான்கு பேர், பிறகு விருப்ப வரிசை ஓட்டு, அதாவது வேட்பாளர்களை முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று வரிசைப்படுத்துவது. அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் லிசா முர்கௌஸ்கி 2010இல் கட்சி பிரைமரியில் தோற்று, வாக்குச்சீட்டில் தன் பெயரைக் கையால் எழுதச் சொல்லி ஜெயித்தவர். எழுத்துக்கூட்டச் சொல்லிக் கொடுத்தே பிரசாரம்! 2022இல் அந்தப் பாடு இல்லை. ஜனநாயகக் கட்சிக்காரர்களின் அடுத்த விருப்பங்களும் சேர ஜெயித்தார். 2024இல் இந்த முறையை ஒழிக்க வந்த தீர்மானம் சில நூறு ஓட்டில்தான் தோற்றது. அதே நாளில் நெவாடா, கொலராடோ, ஐடஹோ மக்கள் இதே மாதிரியான திட்டத்தை வேண்டாம் என்றார்கள்.

கேள்வி: சட்டம் மாறாமல் கட்சியே செய்யக்கூடியது? (மேற்படி வாசகர்)

எனக்குப் பிடித்த உதாரணம் வர்ஜீனியா. 2021இல் ஆளுநர் பதவிக்குக் குடியரசுக் கட்சியில் ஏழு பேர் போட்டி. ஓட்டு சிதறி, 'நான் ஹை ஹீல்ஸ் போட்ட டிரம்ப்' என்று சொல்லிக்கொண்ட அமாண்டா சேஸ் குறைந்த ஓட்டிலேயே வந்துவிடுவாரோ என்று கட்சிக்குள் பலருக்குப் பயம். பிரைமரியை விட்டுவிட்டு, மாநிலத்தில் பல இடங்களில் மாநாடு நடத்தி, பதிவு செய்த பிரதிநிதிகளிடம் விருப்ப வரிசை ஓட்டு வாங்கினார்கள். தேர்வானவர் கிளென் யங்கின். நவம்பரில் ஜெயித்தார்; 2009க்குப் பிறகு அந்தக் கட்சி அங்கே மாநில அளவில் பெற்ற முதல் வெற்றி அது. ஓட்டுப் போட்டவர்கள் குறைவு என்ற புகார் நியாயமானது. ஆனாலும் பலருக்குப் பரவாயில்லை என்று படுகிறவரைத் தேடும் பொறுப்பைக் கட்சி தன் தோளில் ஏற்றுக்கொண்டது. கதவை இன்னும் அகலத் திறப்பதைவிட இந்தப் பொறுப்புதான் அங்கே இப்போது தேவை என்பது என் வாதம்.

கேள்வி: மூன்றாவது கட்சி வராதா? (பெங்களூரு)

1992இல் ராஸ் பெரோ சுமார் 19 சதவீத ஓட்டு வாங்கினார். ஆனால் மாநில வாரியாகக் கிடைத்து ஜனாதிபதியைத் தீர்மானிக்கும் தேர்வாளர் ஓட்டு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவர் தொடங்கிய சீர்திருத்தக் கட்சியில் 2000 தேர்தலுக்கு வேட்பாளராக முயன்று, சில மாதங்களில் விலகிய தொழிலதிபர் ஒருவர் உண்டு: டொனால்டு டிரம்ப். 2016இல் அவர் குடியரசுக் கட்சியின் பிரைமரி வழியாக வந்தார்.