51 வயதில் ஓய்வு என்றால் தண்டனையா?

கேள்வி: என் அண்ணன் அமெரிக்காவில் கம்பெனி வேலையோடு ராணுவ ரிசர்வில் (பகுதிநேர ராணுவப் பணி) லெப்டினன்ட் கர்னலாகவும் இருக்கிறார். வயது 51. இந்த வருஷத்தோடு கட்டாய ஓய்வு என்று கடிதம் வந்துவிட்டது. பென்ஷனோ 60 வயதில்தானாம். நம் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் சுபேதாராக இருந்த அப்பா, "ஏதோ தப்பு பண்ணிட்டு மறைக்கிறான்" என்று அண்ணனிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். எப்படிப் புரியவைப்பது?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அண்ணன் எந்தத் தப்பும் செய்யவில்லை அம்மா. அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அமெரிக்க ரிசர்வில் ஒரு லெப்டினன்ட் கர்னல், அதிகாரியாகி 28 ஆண்டு முடிந்தால் பொதுவாக வெளியே வர வேண்டும். கர்னலுக்கு 30 ஆண்டு. சட்டமே அப்படி. 23 வயதில் அதிகாரியானவருக்கு 51லேயே கணக்கு முடிந்துவிடும். 62 வயது என்று இன்னொரு வரம்பும் உண்டு, அது தாமதமாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் பொருந்தும். மேலே இடம் காலியானால்தானே கீழே இருக்கும் மேஜருக்குப் பதவி உயர்வு? நம் ராணுவத்திலும் கர்னலுக்கு 54, பிரிகேடியருக்கு 56தான்.

அப்பாவின் சந்தேகத்துக்குக் காரணம் பென்ஷன்தான் என்று தோன்றுகிறது. அவர் வீட்டுக்கு வந்த கையோடு பென்ஷன் வாங்கியவர், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் உத்தரவு) நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கும் தலைமுறை. ரிசர்வில் கணக்கே வேறு. ஒரு சனி, ஞாயிறு பயிற்சிக்கு 4 பாயின்ட், முழுநேரப் பணி என்றால் நாளுக்கு 1. வருஷத்துக்கு 50 பாயின்டாவது சேர்ந்தால்தான் அந்த வருஷம் பென்ஷனுக்குச் செல்லும். அப்படி 20 வருஷம் வேண்டும். அதை முடித்தவருக்கும் பணம் வருவது 60 வயதில்தான். இடைப்பட்ட வருஷங்களுக்குக் கம்பெனிச் சம்பளம்தான் துணை, அதனால் அந்த வேலையை இப்போதைக்கு விட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

ஒரு சலுகை உண்டு. 2008 ஜனவரி 28க்குப் பிறகு போர் போன்ற காரணங்களுக்காக முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு 90 நாளுக்கும் பென்ஷன் 3 மாதம் முன்னால் வரும். ஆனால் 50 வயதுக்குக் கீழே போகாது. அண்ணன் அப்படிப் போயிருந்தால் அந்த உத்தரவுகளை எல்லாம் தேடி எடுத்து வைக்கட்டும். 20 ஆண்டு முடிந்ததும் வந்த தகுதிக் கடிதமும் பத்திரமாக இருக்க வேண்டும். அப்புறம், இந்தப் பென்ஷன் தானாக வந்து சேராது, விண்ணப்பிக்க வேண்டும். அண்ணிக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

நீங்கள் நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். வீடியோ காலில் அண்ணனின் பாயின்ட் கணக்குத் தாளை அப்பாவிடம் காட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் ரிக்கார்டைப் படிக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.