செத்த சட்டத்துக்கு எதுக்குண்ணே ஓட்டு?

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தூத்துக்குடி. நாலஞ்சு வருஷமா உங்க சைட்ட படிக்கிறேன், எழுதுறது இதான் முதல் தடவை. எங்க அக்கா அயர்லாந்துல, டப்ளின்ல நர்ஸா இருக்கு. போன மாசம் லீவுக்கு வந்தப்ப பேச்சுவாக்குல சொல்லிச்சு, அந்த ஊரு அரசியல் சட்டத்துல தேவதூஷணம், அதாவது கடவுளப் பழிச்சுப் பேசுறது, குற்றம்னு ஒரு வார்த்தை இருந்துச்சாம், அத 2018ல ஜனங்ககிட்ட ஓட்டு வச்சு தூக்கிட்டாங்களாம். எனக்கு அதிர்ச்சியா இருந்துச்சுண்ணே. நாங்க கத்தோலிக்கக் குடும்பம், அயர்லாந்துன்னா எங்க அப்பாவுக்கெல்லாம் சாமியார்கள அனுப்புன புண்ணிய பூமி.

எனக்கு மூணு விஷயம் புரியல. அந்தச் சட்டத்துல நூறு வருஷத்துக்கும் மேல யாரையும் தண்டிக்கலன்னு அக்காவே சொல்லுது. அப்ப செத்துப்போன சட்டத்த எடுக்க எதுக்கு நாடு பூரா ஒரு ஓட்டு? ரெண்டாவது, பெத்த அம்மாவ ஒருத்தன் கேவலமா பேசுனா சும்மா இருப்போமா, அம்மாவுக்கு மேல இருக்குற கடவுளப் பேசுனா மட்டும் சட்டம் ஏன் சும்மா இருக்கணும்? மூணாவது, இதெல்லாம் ஓட்டுப் போட்டு முடிவு பண்ற விஷயமா? நூத்துக்கு 44 பேர்கூட ஓட்டுப் போட வரலையாமே. தப்பா எடுத்துக்காதீங்க, உண்மையிலேயே தெரிஞ்சிக்கணும்னுதான் கேக்குறேன்.

ஜெ., தூத்துக்குடி

அன்புள்ள ஜெ.,

தப்பா எடுக்க என்ன இருக்கு. ரெண்டு நாளா உங்க லெட்டர்தான் மண்டைக்குள்ள ஓடுது. முதல்லயே சொல்லிடறேன், அந்த வார்த்தைய எடுத்தது சரிதான், நான் அந்த நாட்டு குடிமகனா இருந்திருந்தா மழையில நனைஞ்சிக்கிட்டாவது போய் ஓட்டுப் போட்டிருப்பேன்.

செத்த சட்டம்னு சொல்றீங்கள்ல, அங்கதான் எனக்கு மாறுபாடு. 1937ல வந்த அயர்லாந்து அரசியல் சட்டத்துல 40ஆவது பிரிவுல பேச்சு சுதந்திரம் குடுக்குறாங்க, குடுத்த கையோட அதே இடத்துல, தெய்வ நிந்தனையா, தேசத்துரோகமா, ஆபாசமா எதையாவது பேசுனாலோ அச்சடிச்சாலோ அது சட்டப்படி தண்டிக்கவேண்டிய குற்றம்னு எழுதி வச்சாங்க. எது தெய்வ நிந்தனைன்னு மட்டும் எங்கயும் எழுதல. 1995ல விவாகரத்துக்கு அங்க ஒரு பொது வாக்கெடுப்பு நடந்துச்சு, ரொம்ப கொஞ்ச வித்தியாசத்துல ஜெயிச்சுச்சு, அப்ப ஒரு பேப்பர்ல கார்ட்டூன் வந்துச்சு. ஒரு சாமியார் நற்கருணை அப்பத்த நீட்டுறாரு, அரசியல்வாதிங்க வேண்டாம்னு கையைக் காட்டிட்டுப் போறாங்க. ஒரு வாசகர் கோர்ட்டுக்குப் போனார். கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1999ல தீர்ப்பு வந்துச்சு, இந்தக் குற்றம்னா என்னன்னே எந்தச் சட்டத்துலயும் சொல்லல, நாங்க எப்படி கேஸ் நடத்த முடியும்னு கைவிரிச்சிட்டாங்க.

சரி, செத்துருச்சுன்னு விட்டிருக்கலாம்ல? விட முடியல. 2009ல அவதூறுச் சட்டத்த புதுசா எழுதும்போது அப்ப இருந்த நீதித்துறை அமைச்சர் டெர்மட் அஹெர்ன் சொன்னது இதான், அரசியல் சட்டம் குற்றம்னு சொல்லுது, அப்ப நாம ஒண்ணு வாக்கெடுப்பு வச்சு அந்த வார்த்தைய எடுக்கணும், இல்ல குற்றம் என்னன்னு சட்டம் போடணும். சட்டமே போட்டுட்டாங்க. 25,000 யூரோ வரைக்கும் அபராதம். 2010 ஜனவரி 1லேர்ந்து நடைமுறை. பாத்தீங்களா, செத்துருச்சுன்னு எல்லாரும் நம்புன ஒரு வார்த்தை எழுபது வருஷம் கழிச்சு ஒரு குட்டி போட்டுருச்சு. அரசியல் சட்டத்துல இருக்குற வார்த்தைக்கு சாவு கிடையாது தம்பி, எந்த மந்திரி வேணா எந்த நாள் வேணா எடுத்து தூசி தட்டிக்கலாம்.

அந்த 2009 சட்டத்துல குற்றத்த எப்படி எழுதுனாங்கன்னு கொஞ்சம் நிதானமா பாருங்க, எனக்கு இதான் முக்கியமான இடம். ஒரு மதத்துக்காரங்க புனிதமா நினைக்கிறத மோசமா இழிவுபடுத்தணும், அதனால அந்த மதத்துக்காரங்கள்ல கணிசமான பேர் கொதிச்சுப் போகணும், அப்படி கொதிக்கணும்னே அவன் பேசியிருக்கணும். இதுல நடுவுல இருக்குறத பாருங்க, எத்தன பேர் கொதிச்சாங்கங்கறது கணக்கு. அப்ப அமைதியா ஜெபம் பண்ணிட்டு மன்னிச்சிட்டுப் போற சாமி கும்பிடுறவனுக்கு இந்தச் சட்டத்துல ஒரு பாதுகாப்பும் இல்ல, ரோட்டுல இறங்கி கத்துறவனுக்குத்தான் பாதுகாப்பு. கோபப்படு, இன்னும் நெறய பேரக் கூட்டிட்டு வந்து கோபப்படு, அப்பதான் உன் சாமிக்கு மதிப்புன்னு ஒரு நாடே சொல்லிக்குடுக்குற மாதிரி ஆயிருச்சு.

இது சும்மா பேச்சுக்கு சொல்லல, நடந்துச்சு. 2015ல ஸ்டீஃபன் ஃப்ரைன்னு ஒரு இங்கிலாந்து நடிகர் அயர்லாந்து டிவியில பேட்டி குடுக்குறாரு. செத்து மேல போயி கடவுளப் பாத்தா என்ன சொல்லுவீங்கன்னு கேள்வி. குழந்தைங்களுக்கு எலும்புல கேன்சரா, எப்படி உனக்கு மனசு வந்துச்சுன்னு கேப்பேன்ங்கறாரு, அப்படியொரு உலகத்தப் படைச்ச கடவுள கடுமையாவே பேசுறாரு. ஒருத்தர் போலீஸ்ல புகார் குடுத்தார். 2017ல அது வெளிய தெரிஞ்சு உலகம் பூரா நியூஸ் ஆச்சு. போலீஸ் கொஞ்ச நாள்ல கேஸ மூடிட்டாங்க, ஏன்னா கொதிச்சுப் போன கணிசமான ஆளுங்க கிடைக்கல. கிடைச்சிருந்தா? ஒரு ஆயிரம் பேர் திரண்டு நின்னிருந்தா? அவர் பேசுனது அதே பேச்சுதான, ஆனா அன்னைக்கு குற்றமா மாறியிருக்கும்.

ஒண்ணு சொல்றேன். என் தங்கச்சி பையனுக்கு உடம்பு சரியில்லாம ஒரு மூணு வாரம் ஆஸ்பத்திரியில இருந்தேன், குழந்தைங்க வார்டு. பக்கத்து பெட்ல ஒரு அம்மா, கிராமத்து ஆளு, அவங்க பொண்ணுக்கு ஏழு வயசு இருக்கும், ரத்தத்துல கேன்சர். தலைமாட்டுல சின்னதா முருகன் படம், பவுடர் டப்பாவுல சாய்ச்சு வச்சிருப்பாங்க. தெனமும் காலையில துடைச்சு குங்குமம் வைப்பாங்க. ஒருநாள் ராத்திரி அந்தப் புள்ள வாந்தி எடுத்து எடுத்து தூங்கிருச்சு, இந்த அம்மா ஈரத்துணிய கையில வச்சிக்கிட்டு அந்தப் படத்தப் பாத்து பேச ஆரம்பிச்சாங்க. உனக்கு கண்ணு இருக்கா, உன் வேல் என்ன துருப்பிடிச்சுப் போச்சா, நீயெல்லாம் ஒரு சாமியா, உன் புள்ளைக்கு வந்திருந்தா தெரியும்னு. அதுக்கு மேல அவங்க சொன்னத என்னால இங்க எழுத முடியாது. வார்டுல எல்லாரும் முழிச்சிட்டுதான் இருந்தோம், ஒருத்தரும் வாயத் தொறக்கல. காலையில எந்திரிச்சு பாத்தா படத்துல புதுக் குங்குமம் இருந்துச்சு.

ஃப்ரை கேட்ட கேள்வியும் அந்த அம்மா கேட்ட கேள்வியும் ஒண்ணுதான் ஜெ. அவர் சாமி இல்லங்கறவரு, இவங்க சாமிய விடாதவங்க, அவ்ளோதான் வித்தியாசம். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? மனசுக்குள்ள என்ன இருக்குன்னு தோண்டிப் பாக்குற வேலைய நாம ஒரு சப்-இன்ஸ்பெக்டர்கிட்ட குடுக்கலாமா?

நீங்க கத்தோலிக்கர்ங்கறதால உங்க வீட்டு பைபிள்லேர்ந்தே சொல்றேன். தலைமைக்குரு கயபா துணியக் கிழிச்சிக்கிட்டு, இவன் தேவதூஷணம் சொல்லிட்டான், இனிமே சாட்சி எதுக்குன்னு கத்துனது யாரப் பாத்துன்னு உங்களுக்கே தெரியும், இயேசுவப் பாத்து. கிறிஸ்தவத்துக்காக முதல்ல உயிர விட்ட ஸ்தேவான கல்லால அடிச்சதும் இதே குற்றச்சாட்டுலதான். யோபு என்ன பேசுனார், நான் பொறந்த நாள் நாசமாப் போகட்டும்னு ஆரம்பிச்சு கடவுள்கிட்ட நியாயம் கேட்டு நிக்கிறார், கடைசியில கடவுள் யார் பேசுனது சரின்னு சொல்றார்? கடவுளுக்கு வக்காலத்து வாங்குன மூணு நண்பர்களா, யோபுவா? யோபுதான். அயர்லாந்துலயும் கதை அப்படித்தான் போகுது. 1703ல தாமஸ் எம்லின்னு ஒரு பாதிரியார டப்ளின்ல உள்ள தள்ளுனாங்க, இயேசு பிதாவுக்கு சமம் இல்லன்னு புக் எழுதுனார்னு. 1855ல கடைசியா ஒரு கேஸ் நடந்துச்சு, யார் மேல தெரியுமா, ஒரு கத்தோலிக்க சாமியார் மேல. கெட்ட புஸ்தகங்கள குவிச்சு எரிச்சப்ப அதுல பைபிளும் எரிஞ்சுதுன்னு, ஜூரி விடுதலை பண்ணிருச்சு. சாமி கும்பிடுறவங்கதான் மொதல்ல மாட்டுறாங்க, வேற மாதிரி கும்பிடுறவங்க.

அம்மாவப் பத்தி கேட்டீங்க. நியாயமான கேள்வி, எனக்கும் கோபம் வரும். ஆனா உங்க அம்மாவ ஒருத்தன் திட்டுனா அடிபடுறது ஒரு மனுஷி, தெருவுல நடக்க முடியாம தலை குனியிறது ஒரு மனுஷி, அவங்களுக்காக சட்டம் இருக்கணும். அதே மாதிரி, இந்த மதத்துக்காரங்கள அடிங்கடா, இவங்களுக்கு வீடு குடுக்காதீங்கடான்னு ஒருத்தன் தூண்டிவிட்டா அதுக்கும் சட்டம் இருக்கணும், அயர்லாந்துல அது 1989லேர்ந்தே இருக்கு, வெறுப்ப தூண்டுறதுக்கு எதிரான சட்டம், மதமும் அதுல சேத்திதான். அந்த வாக்கெடுப்பால அது போகல. போனது கடவுளுக்குன்னு வச்சிருந்த போலீஸ் காவல் மட்டும்தான்.

அதுக்கு மேல ஒரு காரணம் இருக்கு, எனக்கு தூக்கம் வராத காரணம். 2009ல ஐநாவுல மத நிந்தனைய உலகம் பூரா தடை பண்ணணும்னு இஸ்லாமிய நாடுகள் சார்புல பாகிஸ்தான் வாதாடுனப்ப, அயர்லாந்து சட்டத்தோட வாசகத்தையே எடுத்து வச்சாங்க. ஐரோப்பாவுலயே இருக்கு, எங்கள மட்டும் ஏன் கேக்குறீங்கன்னு. அதே வருஷம் ஜூன்ல பாகிஸ்தான் பஞ்சாப்ல ஆசியா பீபின்னு ஒரு கத்தோலிக்கப் பொண்ணு, பழம் பறிக்கிற கூலி வேலை, ஒரே டம்ளர்ல தண்ணி குடிச்சதுக்கு கூட வேலை பாத்த பொம்பளைங்களோட சண்டை, அதுலேர்ந்து நிந்தனைக் கேஸ். 2010ல தூக்குத் தண்டனை. அவங்களுக்காகப் பேசுன பஞ்சாப் கவர்னர் சல்மான் தசீர 2011 ஜனவரியில அவரோட பாதுகாவலரே சுட்டுக் கொன்னான். மார்ச்ல சிறுபான்மைத் துறை அமைச்சர் ஷாபாஸ் பட்டிய கொன்னாங்க, அவர் உங்கள மாதிரி கத்தோலிக்கர். 2021ல சியால்கோட்ல இலங்கைக்காரர் ஒருத்தர், ஃபேக்டரி மேனேஜர், சுவத்துல ஒட்டுன போஸ்டர கிழிச்சார்னு கும்பலே அடிச்சு எரிச்சுச்சு. அயர்லாந்துச் சட்டமும் இதுவும் ஒண்ணுன்னு சொல்ல வரல, அங்க யாரும் சாகல. ஆனா டப்ளின்ல அது சும்மா தூங்குன நேரத்துல லாகூர்ல அத கேடயமா புடிச்சிருந்தாங்க. அயர்லாந்து பிஷப்புங்களே இதப் புரிஞ்சு வச்சிருந்தாங்க, இந்த வாசகம் பெரும்பாலும் காலாவதி ஆயிருச்சு, வேற நாடுகள்ல இந்த மாதிரி சட்டங்களால சிறுபான்மையினர் கொடுமைப்படுறாங்கன்னு வெளிப்படையாவே சொன்னாங்க. உங்க அப்பாகிட்ட இத சொல்லுங்க.

இப்ப ஓட்டு விஷயம். அயர்லாந்துல அரசியல் சட்டத்துல ஒரு கமா மாத்தணும்னாலும் ஜனங்ககிட்ட போயித்தான் ஆகணும், பார்லிமென்ட்டால மட்டும் முடியாது, அதனால வேற வழியே இல்ல. 2018 அக்டோபர் 26ல ஜனாதிபதி தேர்தலோட சேத்து வச்சாங்க, தனியா ஒரு நாள் கூட செலவழிக்கல. அதுக்கு முன்னாடியே 2013ல அரசியல் சட்ட மாநாடுன்னு நூறு பேர உக்காத்தி வச்சு பேசுனாங்க, அதுல 66 பேர் நம்ம மாதிரி சாதாரண ஆளுங்க, அங்கயும் எடுத்துடலாம்னு நூத்துக்கு 61 பேர் சொன்னாங்க. ஓட்டுல எடுக்கணும்னு ஒன்பதரை லட்சம் பேர், வேணாம்னு அஞ்சு லட்சத்து 15 ஆயிரம் பேர். நூத்துக்கு கிட்டத்தட்ட 65. கூட்டம் கம்மிதான், ஒத்துக்கறேன், அதே வருஷம் மே மாசம் கருக்கலைப்பு வாக்கெடுப்புக்கு வந்த கூட்டம் இதுக்கு வரல.

ஆனா உங்க கேள்விக்குள்ள ஒரு முள்ளு இருக்கு, அத நான் தாண்டிப் போக மாட்டேன். உரிமைய ஓட்டுக்கு விடலாமா? 2009 நவம்பர்ல சுவிட்சர்லாந்துல மசூதிக்கு மினார் கட்டக்கூடாதுன்னு வாக்கெடுப்பு வச்சு நூத்துக்கு 57 பேருக்கு மேல ஆமான்னாங்க. அப்ப நாடு பூரா மொத்தமே நாலு மினார்தான் இருந்துச்சு. அதுவும் ஜனநாயக ஓட்டுதான், எனக்கு அது அநியாயம். அதனால வாக்கெடுப்புன்னாலே நல்லதுன்னு நான் சொல்ல மாட்டேன். நான் பாக்குறது ஒண்ணு, அந்த ஓட்டு யார் கையிலேர்ந்து எத எடுக்குது? அயர்லாந்துல கவர்மென்ட் கையில இருந்த தடிய ஜனங்க பிடுங்கிக்கிட்டாங்க, எந்தக் கிறிஸ்தவரும் எந்த முஸ்லிமும் அன்னைக்கு ஒரு உரிமையையும் இழக்கல. சுவிட்சர்லாந்துல பக்கத்து வீட்டுக்காரனோட உரிமையில கை வச்சாங்க. நூத்துக்கு 65 பேர் எடுக்க வேணாம்னு ஓட்டுப் போட்டு வாக்கெடுப்பு தோத்திருந்தாலும் அந்த வார்த்தை தப்பாத்தான் இருந்திருக்கும், ஓட்டு அத சரி தப்புன்னு ஆக்கல, எடுக்குறதுக்கு ஒரு வழியக் குடுத்துச்சு. ஆனா ஒரு கோர்ட் தூக்கியெறிஞ்சிருந்தா எங்க சாமிக்கு எதிரா ஜட்ஜுங்க பண்ண சதின்னு இருபது வருஷம் பேசியிருப்பாங்க, இங்க பூசைக்குப் போற ஜனமே போட்ட ஓட்டுன்னால அந்தப் பேச்சுக்கு எடமே இல்லாமப் போச்சு.

நம்ம ஊரப் பத்தி நீங்க கேக்கல, இருந்தாலும் ஒரு வார்த்தை. நம்ம அரசியல் சட்டம் எழுதுனவங்க அரசுக்கான வழிகாட்டிக் கொள்கைகள அயர்லாந்தப் பாத்துதான் எடுத்தாங்க, தெய்வ நிந்தனைய எடுக்கல. ஆனா மத உணர்வ வேணும்னே புண்படுத்துனா தண்டிக்கணும்னு 1927ல வெள்ளைக்காரன் போட்ட 295ஏ பிரிவு அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு, 1957ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிருச்சு, இப்ப புதுச் சட்டத்துல 299ன்னு நம்பர் மாறியிருக்கு, மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். பாகிஸ்தானோட சட்டமும் அதே வேர்லதான் மொளைச்சுது. நமக்கு வாக்கெடுப்பே தேவையில்ல, பார்லிமென்ட்டே திருத்தலாம். திருத்தணும்ங்கறதுதான் என் கட்சி, எந்தப் பக்கத்து ஆள் மாட்டுனாலும், எனக்குப் பிடிக்காத ஆள் மாட்டுனாலும்.

அந்த வாக்கெடுப்பு முடிஞ்சு அஞ்சே நாள்ல, அக்டோபர் 31ந்தேதி, பாகிஸ்தான் சுப்ரீம் கோர்ட் ஆசியா பீபிய விடுதலை பண்ணுச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கும் மேல ஜெயில்ல இருந்தவங்க, விடுதலைக்கு அப்புறமும் சொந்த ஊருல இருக்க முடியாம கனடாவுக்குப் போயிட்டாங்க.

அக்காவ விசாரிச்சதா சொல்லுங்க. அடுத்த தடவ வரும்போது அவங்களையும் எழுதச் சொல்லுங்க, அங்க அந்த வாரம் சர்ச்சுல என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்கு தெரிஞ்சிக்கணும்.