ஜப்பானில் இருந்தாலே ஜப்பானிய மொழி வந்துவிடுமா?

ஜப்பானில் மொழிப்பள்ளி மாணவரின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும், அங்கே போய்விட்டாலே மொழி தானாக வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வராது. பல ஆண்டுகளாக டோக்கியோவில் இருந்தும் கடையில் "பை வேண்டாம்" என்பதற்கு மேல் பேச வராதவர்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு எவ்வளவு மொழி வரும் என்பதில் பாதியைப் பள்ளி முடிவுசெய்கிறது. மறுபாதி, பள்ளி விட்டபின் எங்கே வேலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் இந்தப் பதிலில் வகுப்பறையைவிட வேலைதான் அதிகம் வரும்.

நான் படித்தது டோக்கியோவில், தகதனோபாபா பக்கம். மொழிப்பள்ளிகளும் மாணவர்களும் நிறைந்த வட்டாரம். மியன்மார் உணவகங்களுக்கும் பேர்போனது. வகுப்பு அரை நாள்தான். காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி பன்னிரண்டரைக்குள் முடிந்துவிடும். 45 நிமிடப் பாடம் நான்கு. ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது விதி. முதல் நாளிலிருந்தே ஆசிரியர் ஜப்பானிய மொழியில்தான் பேசுவார். படம் காட்டுவார், நடித்துக் காட்டுவார், அப்போதும் புரியாவிட்டால் அதையே இன்னும் மெதுவாகச் சொல்வார். ஆங்கிலத்துக்கு இறங்க மாட்டார். காலையில் உட்கார்ந்ததும் கான்ஜி எனப்படும் சீன எழுத்துகளில் தேர்வு, அது முடிந்தால் முந்தைய நாள் இலக்கணத்தில் ஒரு சிறு தேர்வு.

உடன் படித்தவர்கள் சீனா, வியட்நாம், நேபாளம், மியன்மார், இலங்கை என்று பல நாட்டினர். இலக்கண வகுப்பில் தமிழர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வினை கடைசியில் வருவதும், வேற்றுமை உருபைப் போல இடைச்சொல் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும், "சாப்பிட்டுப் பார்", "வாங்கி வை" என்று ஒரு வினையோடு இன்னொரு வினை சேருவதும் நமக்கு ஆச்சரியம் தருவதில்லை. சீன நண்பர் இங்கே தலையைப் பிய்த்துக்கொள்வார். கான்ஜி வகுப்பில் கணக்குத் தீர்ந்துவிடும். அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 எழுத்துகள். அவர் செய்தித்தாள் தலைப்பை ஒரு பார்வையில் புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவார். நாம் கோடுகளை எண்ணிக்கொண்டிருப்போம். நேபாள மாணவர்கள் எழுத்துத் தேர்வில் எங்களோடு சேர்ந்து திணறினாலும் பேச்சில் எல்லோரையும் முந்தினார்கள். அவர்களில் பலருக்கு உணவகங்களில் வேலை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெயர் விஷயம் தனி. நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். ஜப்பானில் குடும்பப்பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வகுப்பிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் என் அப்பாவைத்தான் "சான்" போட்டு மரியாதையாக அழைத்தார்கள். எழுந்து போனவன் நான். ஊரில் இதைச் சொன்னபோது அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வேலைக்கு வருகிறேன். மாணவர் விசாவில் வேலை செய்யத் தனி அனுமதி வேண்டும். முதல்முறை வரும்போது விமான நிலையத்திலேயே விண்ணப்பித்தால் வசிப்பிட அட்டையின் பின்புறம் குறித்துத் தருவார்கள். வாரத்துக்கு 28 மணி நேரம்தான் உச்சவரம்பு. இரண்டு இடங்களில் வேலை செய்தாலும் இரண்டும் சேர்ந்துதான் 28. பள்ளியின் நீண்ட விடுமுறையில் மட்டும் நாளுக்கு 8 மணி நேரம் வரை போகலாம். டோக்கியோவில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரிலிருந்து மணிக்கு 1,226 யென். முழு 28 மணி நேரமும் கிடைத்தால் வாரம் 34,000 யென்னைத் தாண்டும். வாடகை, சாப்பாடு, ரயில், போன் ஆகியவற்றைச் சிக்கனமாக இருந்தால் இதில் சமாளிக்கலாம். ஆனால் ஏழெட்டு லட்சம் யென் ஆண்டுக் கட்டணத்தையும் இதிலிருந்தே கட்டிவிடலாம் என்று ஊரில் சில முகவர்கள் சொல்வது கலப்படமில்லாத பொய். அந்தப் பேச்சை நம்பி வருபவர்கள்தான் 28 மணி நேரத்தைத் தாண்டுகிறார்கள். நகராட்சி தரும் வரிச் சான்றிதழில் ஆண்டு வருமானம் அப்படியே இருக்கும். விசாவை நீட்டிக்கவோ மாற்றவோ போகும்போது அது மாட்டிவிடும்.

மொழி அதிகம் தெரியாதவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் தொழிற்சாலை வேலை. கடைகளுக்குப் போகும் பெந்தோ சாப்பாட்டுப் பெட்டிகளில் ஒரு துண்டு மீனையோ ஒரு கரண்டி காய்கறியையோ இரவு முழுவதும் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு 10 முதல் காலை 5 மணி வரை 25 சதவீதம் கூடுதல் கூலி என்பதால் பணம் நன்றாகவே வரும். ஆனால் முகக்கவசம், தொப்பி, இயந்திர இரைச்சல் இவற்றுக்கு நடுவில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அங்கிருந்து நேராக வகுப்புக்கு வருபவர் பின்வரிசையில் தூங்குவார். வருகைப் பதிவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் விசா நீட்டிப்பில் சிக்கல் வரும் என்பதால் உடலை மட்டுமாவது வகுப்பில் கொண்டுவந்து வைத்துவிடுவார்.

அடுத்த படி கொன்பினி, அதாவது 24 மணி நேரக் கடை. வெளியிலிருந்து பார்த்தால் எளிமையான வேலை. உள்ளே போனால் பார்சல் வாங்குவது, மின்கட்டண ரசீது, டிக்கெட், சூடாக்க வேண்டிய பெந்தோ, எண்ணைச் சொல்லிக் கேட்கும் சிகரெட் என்று எல்லாம் ஒரே கல்லாவில் வந்து விழும். பேசுவதோ முன்பே மனப்பாடம் செய்த மிகப் பணிவான வாக்கியங்கள். "சூடாக்கித் தரட்டுமா?" என்று அரசவை மொழியில் கேட்கத் தெரியும், வாடிக்கையாளர் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது கேட்டால் மூளை நின்றுவிடும். எண்களைக் காதால் பிடிக்கும் திறமை மட்டும் இங்கே அபாரமாக வளரும். விலை, தேதி, தொலைபேசி எண் எதுவும் தப்பாது.

எனக்கு மொழியைக் கொடுத்தது இஜகாயா எனப்படும் மது உணவகம்தான். மேசைக்குப் போய் ஆர்டர் எடுக்கும் வேலை. கையால் எழுதிய மெனுவில் ஒரு கான்ஜியும் பாடப்புத்தகத்து அச்செழுத்தைப் போல இருக்காது. வாடிக்கையாளரிடம் பணிவாகப் பேச வேண்டும். அடுத்த நொடி சமையலறைக்குள் அதையே இரண்டு சொல்லில் கத்த வேண்டும். தலைமைச் சமையல்காரர் திட்டுவது முற்றிலும் வேறு ஜப்பானிய மொழி. மூன்றாவது கோப்பை பீருக்குப் பின் வாடிக்கையாளர்கள் இலக்கணத்தைக் கைவிட்டு, "எந்த நாடு? ஊரில் தினமும் கறிதானா?" என்று ஆரம்பிப்பார்கள். கறி என்றால் அங்கே குழம்பு. அலுப்பூட்டும் கேள்விதான், ஆனால் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதில் வாய் திருந்திவிடும். வகுப்பில் ஒரு வாரம் விளக்கியும் பிடிபடாத மரியாதை வினைகள் எனக்கு அங்கே தட்டு ஏந்தியபடி பிடிபட்டன.

மற்றவை பெரிய விஷயமில்லை. குடியேறிய 14 நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அப்படியே தேசிய மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்துவிட்டால் சிகிச்சைச் செலவில் 30 சதவீதம் மட்டும் நம் பொறுப்பு. குப்பையை வகை பிரித்து அதற்குரிய நாளில் காலையிலேயே வைக்க வேண்டும். மாறினால் எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டு உங்கள் வாசலை நோக்கியபடி அங்கேயே கிடக்கும். பல மொழிப்பள்ளிகளின் மாணவர்களுக்கு ரயில் பாஸில் மாணவர் சலுகை கிடைப்பதில்லை. ஆகவே தூரத்தில் மலிவான அறை எடுப்பதற்கு முன் ரயில் செலவையும் கூட்டிப் பாருங்கள்.

சைவச் சாப்பாடு மட்டும் உண்மையிலேயே கஷ்டம். மீனே கண்ணில் படாத சூப்பிலும் கட்சுவோ என்னும் உலர்மீனின் சாறு இருக்கும். பருப்பு, கடுகு, புளி எல்லாம் ஷின்-ஓகுபோ தெற்காசியக் கடைகளில் கிடைக்கும். இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் நிஷி-கசாய் பக்கமும் கிடைக்கும். ஜப்பானிய அரிசி ஒட்டும் வகை, சாம்பாருக்குப் பொருந்தாது. தயிர்சாதத்துக்கு அதைப் போல ஓர் அரிசி கிடையாது என்பது என் கருத்து. இதற்காக யாரோடும் வாதாடத் தயார்.

புறப்படும் முன் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மொழிப்பள்ளிகளைக் கல்வி அமைச்சகம் அங்கீகரிக்கும் புதிய முறை 2024 ஏப்ரலில் தொடங்கியிருக்கிறது. சேரப்போகும் பள்ளி அந்த அங்கீகாரத்தைப் பெற்றுவிட்டதா, விண்ணப்பித்திருக்கிறதா என்று பள்ளியிடமே எழுதிக் கேளுங்கள். முகவர் சொல்வது போதாது. இன்னொன்று, அடிப்படையை ஊரிலேயே முடித்துவிடுங்கள். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் போன்ற இடங்களில் வகுப்புகள் நடக்கின்றன, ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வையும் சென்னையிலேயே எழுதலாம். ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவதான என்4 கையில் இருந்தால், மொழிப்பள்ளியில் முதல் ஆறு மாதத்தை "இது பேனா" என்று சொல்வதில் கழிக்க வேண்டியதில்லை. வேலைக்கான நேர்காணலிலும் கேள்வி புரியும். தொழிற்சாலையைத் தாண்டி நேராக உணவக வேலையைக் கேட்கலாம்.