தனிக்கூண்டில் இருக்கும் எலிக்கு மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிமருந்து குறைவாக வேலை செய்யுமா?

ஆண் சுண்டெலிகள் ஒன்றையொன்று கடித்ததால் சிலவற்றைத் தனிக்கூண்டுக்கு மாற்றினேன், அதற்கப்புறம் ஹாட் பிளேட் சோதனையில் (சூடான தட்டில் எலி எத்தனை நொடி தாங்குகிறது என்று பார்ப்பது) அளவுகள் தாறுமாறாக வருகின்றன, மருந்து கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்துக் குப்பியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கூண்டைப் பாருங்கள்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மருந்தியல் முதுகலை படித்தபோது எங்கள் அனிமல் ஹவுஸில் கூண்டுக்கு ஆறு சுவிஸ் அல்பினோ சுண்டெலிகள், கீழே உமிப் படுக்கை. மார்ஃபின் வாங்க உரிமத்துக்கு அலைய வேண்டும் என்பதால், நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றைப் போல நாங்களும் பென்டசோசின் என்ற ஓபியாய்டைத்தான் ஒப்பீட்டு மருந்தாக வைத்திருந்தோம். ஒரு கூண்டில் முரட்டு எலி ஒன்று மற்றவற்றின் முதுகையும் வாலடியையும் கடித்துப் புண்ணாக்கியது. கடிபட்ட இரண்டைத் தனித்தனியாக வைத்தேன். மூன்று வாரம் கழித்து, புண் ஆறி முடி முளைத்த பிறகு, 55 டிகிரி தட்டில் விட்டேன். கூட்டத்தில் இருந்தவை ஊசிக்கு அப்புறம் 12, 13 நொடி தாங்கின. தனியாக இருந்த இரண்டும் ஏழு நொடிக்குள் பின்னங்காலைத் தூக்கி நக்கின. மற்றவற்றோடு ஒட்டாத விலகல் மதிப்பு என்று சொல்லி நீக்கச் சொன்னார்கள், நீக்கிவிட்டேன். இரண்டு எலியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது சரிதான். ஆனால் ஏன் அப்படி வந்தது என்று அன்றைக்கே தேடியிருக்க வேண்டும்.

தேடியிருந்தால் கிடைத்திருக்கும். நீண்ட நாள் தனிமையில் வைத்த எலிகளிடம் மார்ஃபினின் விளைவு குறைகிறது என்று கட்ஸும் ஹன்னா ஸ்டைன்பெர்க்கும் 1970லேயே 'நேச்சர்' இதழில் எழுதிவிட்டார்கள். காரணம் பற்றிப் பல விளக்கங்கள் உண்டு. எனக்கு அதிகம் பொருந்துவதாகப் படுவது இது: எலிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்குவது, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வது, குட்டிகள் உருண்டு விளையாடுவது எல்லாமே உடலே சுரக்கும் சொந்த ஓபியாய்டுகளோடு பின்னிக் கிடக்கின்றன. தாயிடமிருந்து பிரித்த நாய்க்குட்டிகளின் அழுகையை மிகக் குறைந்த அளவு மார்ஃபினே அடக்கிவிடுகிறது என்று பாங்க்செப் குழுவினர் 1978இல் காட்டினார்கள். துணை இல்லாத விலங்கிடம் இந்த ஏற்பாடே வேறு நிலையில் இருக்கிறது. வெளியிலிருந்து செலுத்தும் மருந்தும் போய்ச் சேருவது அங்கேதான்.

இதற்காகத் தனிமை என்றாலே மருந்து வேலை செய்யாது என்று எழுதிவிடாதீர்கள். இனவகை, பாலினம், வயது, எத்தனை நாள் தனிமை, எந்தச் சோதனை என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறது. திடீர் மன அழுத்தமே சிறிது நேரத்துக்கு வலியைக் குறைத்துக் காட்டும். நேற்று பிரித்த எலியும் ஒரு மாதமாகத் தனியாக இருக்கும் எலியும் ஒன்றாகாது.

எலிகளைக் கூட்டமாக விசாலமான இடத்தில் வைத்துச் செய்த கனடாவின் 'ராட் பார்க்' ஆய்வை யாராவது உங்களுக்குச் சுட்டிக்காட்டலாம். அங்கே புரூஸ் அலெக்சாண்டர் பார்த்தது எலிகள் எவ்வளவு மார்ஃபின் குடிக்கின்றன என்பதை. உங்கள் கேள்வி வலி குறைகிறதா என்பது. அதோடு, கூட்டமாக இருக்கும் எலிகள் குறைவாகக் குடிக்கின்றன என்ற அந்த முடிவு, 1996இல் வேறொருவர் திரும்பச் செய்தபோது கிடைக்கவில்லை. அதை உங்கள் ஆய்வேட்டின் விவாதப் பகுதியில் சேர்க்க வேண்டாம்.

உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது மோனிக் ஸ்மித்தின் இரண்டு ஆய்வுகள். 2016இல் ஓரிகனில் செய்த ஆய்வில், மார்ஃபின் நிறுத்தப்பட்டு அவதிப்படும் சுண்டெலிகள் இருந்த அதே அறையில், மருந்தே பார்க்காத சுண்டெலிகளும் இருந்தன. அவற்றுக்கும் வலியுணர்வு கூடியது. பாதிக்கப்பட்ட எலிகளின் அழுக்குப் படுக்கையை மட்டும் எடுத்துப்போய் வேறு அறையில் இருந்த எலிகளிடம் வைத்தாலும் அப்படியே ஆனது. வாசனை வழியே பரவுகிறது! அப்படியென்றால் அந்த அறையில் ஒப்பிடுவதற்காக மருந்தில்லாமல் வைத்த கட்டுப்பாட்டுக் குழுவை எப்படி நம்புவது?

அடுத்தது 2021இல் ஸ்டான்ஃபோர்டில் மலென்கா குழுவோடு செய்தது. இரண்டு சுண்டெலிகளுக்கும் பாதத்தில் அழற்சி வலி உண்டாக்கி, ஒன்றுக்கு மட்டும் மார்ஃபின் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் இரண்டையும் பழக விட்டார்கள். மருந்து பெறாத எலிக்கும் வலி குறைந்தது. மூளையில் முன் சிங்குலேட் புறணி என்ற பகுதியிலிருந்து நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதிக்குப் போகும் பாதை இதற்குத் தேவை என்பதையும் காட்டினார்கள். முதன்முறை படித்தபோது எங்கள் ஆறு எலிக் கூண்டுதான் கண்ணில் நின்றது. வாலில் ஒரு கோடு போட்ட மூன்றுக்கு மருந்தில்லாத உப்புநீர், இரண்டு கோடு போட்ட மூன்றுக்கு மருந்து, ஊசி போட்டதும் திரும்ப ஒரே கூண்டில் விட்டுவிடுவோம். அரை மணி கழித்து அளக்கும்வரை அவை ஒன்றாகத்தான் படுத்திருக்கும்.

ஆகவே உங்கள் சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒரே கூண்டில் கலந்தால் உப்புநீர்க் குழுவின் அளவு நகரலாம். குழுவுக்கு ஒரு கூண்டு என்று பிரித்தால் கூண்டின் தனித்தன்மை மருந்தின் விளைவு போலத் தெரியும். எனக்குச் சரியாகப் படுவது, ஒவ்வொரு குழுவுக்கும் பல கூண்டுகள் வைத்து, ஒரு கூண்டில் எல்லாவற்றுக்கும் ஒரே ஊசி போட்டு, கணக்கில் கூண்டையும் ஒரு காரணியாகச் சேர்ப்பது. எலிகள் கூடுதலாகத் தேவைப்பட்டால் நெறிமுறைக் குழுவிடம் இந்தக் காரணத்தையே சொல்லிக் கேளுங்கள்.

சண்டைக்கு முதல் மருந்து தனிக்கூண்டு ஆகக் கூடாது. பால் மறந்த நாளிலிருந்து ஒன்றாக இருக்கும் உடன்பிறப்புகளையே சேர்த்து வையுங்கள். கூடு கட்டக் காகிதத் துண்டுகள் போடுங்கள், கூண்டு கழுவும்போது பழைய கூட்டில் கொஞ்சத்தைப் புதியதில் வையுங்கள். கடிக்கும் எலியை மட்டும் எடுத்தால் பெரும்பாலும் மற்றவை அடங்கிவிடும். அப்புறம், ஏற்கெனவே தனியாக வைத்த எலிகளின் அளவுகளைத் தூக்கி எறியாதீர்கள். எந்தத் தேதியில் பிரித்தீர்கள், ஏன் பிரித்தீர்கள் என்று கூண்டுச் சீட்டில் இன்றே எழுதி, அந்த அளவுகளைத் தனி அட்டவணையாக ஆய்வேட்டில் போடுங்கள்.