கில்லாரி ஏன் நடுங்கியது?

கேள்வி: புவித்தட்டுகள் மோதுவது இமயமலையில்தானே? அங்கிருந்து இவ்வளவு தள்ளியிருக்கும் மராட்டியத்துக் கில்லாரியில் 1993-ல் நிலநடுக்கம் எப்படி வந்தது?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: மோதுவது வடக்கே, சரி. ஆனால் நெருக்கல் தட்டு முழுக்கப் பரவியிருக்கிறது. இந்தியத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. பின்னால், இந்தியப் பெருங்கடலின் அடியில் கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடர்; அங்கே சூடாகப் பிறக்கும் பாறை மேடாக நின்று, தன் எடையாலேயே தட்டைத் தள்ளுகிறது. முன்னால் ஆசியா வழிவிட மறுக்கிறது. கூட்டமான பஸ்ஸில் முன்கதவை அடைத்துவிட்டுப் பின்னாலிருந்து நெருக்கினால், நடுவில் நிற்பவருக்கு விலா நோகாதா?

இந்த நெருக்கலைக் கண்ணால் பார்க்கலாம். நிலவியல் வகுப்பில் நான் மாணவர்களுக்கு முதலில் காட்டுவது ஆழ்துளைப் படத்தைத்தான். வட்டமாகத் துளைத்த போர், சில ஆழங்களில் முட்டை வடிவமாகியிருக்கும். நெருக்கும் திசைக்குக் குறுக்கே உள்ள இரு பக்கச் சுவர்கள் மட்டும் செதில் செதிலாக உதிர்ந்திருக்கும். உதிர்ந்த பக்கத்தைப் பார்த்தே நெருக்கும் திசையைச் சொல்லிவிடலாம். தீபகற்பத்தின் பெரும்பகுதியில் அது ஏறக்குறைய வடக்கு-வடகிழக்கு, தட்டு நகரும் அதே திசை! முதன்முதலில் அதைக் கோடு போட்டுப் பார்த்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நெருக்கல் எங்கும் இருந்தாலும் உடைவது பழைய பிளவு உள்ள இடம்தான். கில்லாரியில் அது வெளியே தெரியவில்லை. பின்னர் அங்கே துளையிட்டபோது 338 மீட்டர் கனத்துக்கு எரிமலைப் பாறை மூடியிருந்தது. அதற்கும் கீழேதான் பழம்பாறை. செப்டம்பர் 30 விடியற்காலை அடியில் ஒரு பக்கம் மற்றதன் மேல் ஏறியது. நெருக்கினால்தான் பாறை அப்படி ஏறும். 6.2 அளவு, அதுவும் அதிக ஆழமில்லாமல். பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து படுத்திருந்த ஊர். கனமான கல்லையும் மண்ணையும் குழைத்துக் கட்டிய சுவர்கள் தூங்கியவர்கள் மேலேயே சரிந்தன. ஏறக்குறைய 10,000 பேர் போனார்கள். அன்றைய நிலநடுக்க வரைபடத்தில் அந்த ஊர் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலம். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அப்புறம், நம் பக்கமும் உண்டு: 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூரில் ஏறத்தாழ 6 அளவில் வந்திருக்கிறது. புது வீடு கட்டுகிறீர்கள் என்றால் மூலைகளில் கம்பி, சுவரைச் சுற்றிக் கான்கிரீட் பெல்ட், இரண்டையும் கொத்தனாரிடம் கேட்டு வாங்குங்கள்.